கோடரிக்காம்பு: அமெரிக்க மலைக்காடுகளின் சுயேச்சை மரவெட்டிகள்

தன் இனத்துக்கு எதிராக நிற்பவனைச் சுட்டத் தமிழில் இரு வசைச்சொற்கள் வழங்குகின்றன. ஒன்று கோடரிக்காம்பு, மற்றொன்று கருங்காலி. இரண்டும் காட்டிலிருந்து வந்தவை. மரத்தை வெட்டும் இரும்புக்குப் பிடியாக அமைவதும் ஒரு மரமே என்னும் கசப்பான உண்மையிலிருந்து முதற்சொல் பிறந்தது. வைரம் பாய்ந்த கருங்காலியில் செய்த காம்பே பிற மரங்களை வீழ்த்தத் துணைநிற்கிறது என்பது இரண்டாம் சொல்லுக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகும் தொழிலாளியைக் கருங்காலி என்றழைக்கும் வழக்கம் தமிழகத் தொழிற்சங்க மேடைகளில் நிலைபெற்றது.

உலகின் மறுகோடியில், உவமையாக அல்லாமல் உண்மையாகவே கோடரி பிடித்த மனிதர்களிடையே, இதே பொருளில் ஒரு வசைச்சொல் வழங்கியது. 'ஜிப்போ' என்பது அச்சொல். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மலைக்காடுகளில், கூலிக்கு உழைக்காமல், வெட்டிய மரத்தின் அளவுக்கேற்பப் பணம் பெற ஒப்புக்கொண்டவனைச் சக தொழிலாளர்கள் அவ்வாறு ஏசினர். ஆயின் ஒரு தலைமுறை கழிவதற்குள் அந்த ஏச்சைப் பெற்றவர்களே அதனைத் தம் பெருமைக்குரிய பெயராகச் சூடிக்கொண்டனர். வசை விருதாக மாறிய இக்கதையை அறிய, அச்சொல்லுக்குப் பின்னிருந்த உழைப்பின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

காடும் முதல் வெட்டும்

வடகலிபோர்னியாவில் தொடங்கி, ஓரிகன், வாசிங்டன் மாநிலங்களின் வழியாகக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை நீளும் மலைத்தொடர்களின் மேற்குச் சரிவுகள் கடல்மேகத்தை மறித்து மழையாக வாங்கிக்கொள்பவை. ஒலிம்பிக் தீபகற்பத்தின் சில பள்ளத்தாக்குகளில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அம்மழையில் வளர்ந்தவை டக்ளஸ் ஃபர், செஞ்சீடர், சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லாக் முதலிய ஊசியிலை மரங்கள். முதிர்ந்த டக்ளஸ் ஃபர் 75 மீட்டர் உயரம் எட்டுவது அரிதன்று. ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் நிற்பவை அவற்றுள் பல.

அக்காட்டின் பழங்குடி மக்கள் நிற்கும் சீடர் மரத்திலிருந்தே பலகைகளைப் பிளந்தெடுக்கும் நுட்பம் அறிந்திருந்தனர். பலகையைக் கொடுத்த மரம் தொடர்ந்து உயிர்வாழ்ந்தது. 1854, 1855ஆம் ஆண்டுகளில் எழுதி வாங்கப்பட்ட உடன்படிக்கைகளின் வழியாக அம்மக்களின் நிலம் பெரும்பாலும் அரசின் கைக்குப் போயிற்று. அதற்கு முன்னரே, 1853இல், சியாட்டில் குடியிருப்பில் ஹென்றி யெஸ்லர் என்பவரின் நீராவி மர அறுவை ஆலை இயங்கத் தொடங்கியிருந்தது.

அக்கால வெட்டு முழுக்க முழுக்க மனிதத் தசையாலும் மாட்டின் கழுத்தாலும் நடந்தது. அடிமரம் பருத்தும் பிசின் மிகுந்தும் இருக்குமாதலால் வெட்டுபவர்கள் தரையில் நிற்பதில்லை. ஆள் உயரத்துக்கும் மேலே மரத்தில் பள்ளம் வெட்டி, அதில் மிதிபலகையைச் செருகி, அதன்மேல் இருவர் எதிரெதிராக நின்று கோடரி வீசினர். பின் நீண்ட இழுப்பு ரம்பத்தால் அறுத்தனர். பெருமரம் ஒன்றை வீழ்த்த ஒரு பகற்பொழுது முழுவதும் ஆவதுண்டு. வீழ்ந்த தடியைத் துண்டாக்கி, குறுக்கே கட்டைகள் பதித்த பாதையில் காளைகளைப் பூட்டி நீர்நிலை வரை இழுத்தனர். கட்டைகள் வழுக்குவதற்காக மீனெண்ணெயும் கொழுப்பும் தடவுவதே ஒரு சிறுவனின் வேலையாக இருந்தது. அந்த இழுவைப் பாதையின் பெயரான 'ஸ்கிட் ரோடு' என்பதே, வேலையற்ற மரவெட்டிகள் குளிர்காலத்தில் முடங்கிக் கிடந்த நகர வீதிகளுக்கும் ஆகி, பின் ஆங்கிலத்தில் வறியோர் தெருவைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று.

இக்காலத்தில் சுயேச்சையாகத் தொழில் செய்வதற்குப் பெருமுதல் தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தில் கைவெட்டுக்காரர்கள் என்றொரு பிரிவினர் இருந்தனர். படகு, கோடரி, ரம்பம், தடியைப் புரட்டும் திருகு நெம்பி ஆகியவையே அவர்தம் உடைமை. கடலை நோக்கிச் சரிந்த மலையில் நிற்கும் மரத்தை வெட்டி, அதன் எடையாலேயே அதனை நேரே உப்புநீரில் இறக்கினர். அலர்டேல் கிரெய்ஞ்சர் என்னும் ஆங்கிலேயர் அவ்வாழ்க்கையில் சிலகாலம் தாமும் உழன்று, 1908இல் 'மேற்கின் மரவெட்டிகள்' என்று பொருள்படும் நூலை எழுதினார். பின்னாளில் அவரே அம்மாகாணத்தின் தலைமை வன அலுவலராகவும் ஆனார்.

நீராவியும் நிலவுடைமையும்

கைவெட்டுக்காரனின் காலத்தை முடித்துவைத்தவை இரண்டு கருவிகள். 1881இல் கலிபோர்னியாவின் யுரேக்காவில் ஜான் டால்பியர் என்பவர் தடியை இழுக்கும் நீராவி இழுவைப்பொறியை உருவாக்கினார். காளைகளின் இடத்தைப் பிடித்த அதற்குத் தொழிலாளர்கள் 'கழுதை' என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் எஃப்ராயிம் ஷே என்பவர், செங்குத்தான சரிவிலும் கூரிய வளைவிலும் ஓடவல்ல பல்சக்கர ரயிலெஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். மலையுச்சி வரை இருப்புப்பாதை ஏறியது. அடுத்த கட்டமாக, கிளைகழித்து உச்சி தறித்த உயர்ந்த மரமொன்றில் கப்பி கட்டி, எஃகு வடத்தால் தடிகளைத் தூக்கி இழுக்கும் முறை வந்தது. வேலை வேகம் பெற்றது. அதற்கு வேண்டிய முதலும் பெருகியது. இருப்புப்பாதை போட வல்லவனுக்கே இனிக் காடு என்றாயிற்று.

நிலமும் சிலர் கையில் குவிந்தது. நாடாளுமன்றம் 1864இல் வடபசிபிக் ரயில்வேக்குக் கொடையாக அளித்த நிலத்திலிருந்து 9,00,000 ஏக்கரை, ஏக்கருக்கு 6 டாலர் வீதம், 1900ஆம் ஆண்டில் வேயர்ஹாசர் குழுமம் வாங்கியது. 1878ஆம் ஆண்டின் மரம் மற்றும் கல் சட்டம் ஏழைக் குடியேறிகள் ஆளுக்கு 160 ஏக்கர் பெற வழிசெய்தது. ஆயின் போலிப் பெயர்களில் மனுச்செய்து அந்நிலத்தையும் பெரு நிறுவனங்கள் சேர்த்துக்கொண்டன.

தனித்து உழைத்தவன் முகாம் கூலியானான். பத்து மணி நேர வேலை. மழையில் நனைந்த உடை காயாத கொட்டகை. இரண்டு அடுக்குக் கட்டில்களில் வைக்கோல். போர்வையைத் தானே சுமந்து முகாமுக்கு முகாம் நடந்தான். நகரத்து மக்கள் அவனைக் 'காட்டு விலங்கு' என்றே குறிப்பிட்டனர்.

வசை பிறந்த களம்

1905இல் சிக்காகோவில் தொடங்கிய 'உலகத் தொழில்துறைத் தொழிலாளர்' சங்கம் இம்முகாம்களில் வேரூன்றியது. அதன் உறுப்பினர்கள் 'வாப்ளிகள்' எனப்பட்டனர். பாட்டும் நையாண்டியும் அவர்களின் படைக்கலன்கள். சட்டைப்பையில் அடங்கும் சிவப்பு அட்டைப் பாடற்புத்தகம் முகாம்தோறும் உலவியது. எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. 1916 நவம்பர் 5 அன்று வாசிங்டன் மாநிலத்தின் எவரெட் துறைமுகத்தில், படகில் வந்திறங்கிய சங்கத்தினருக்கும் காவற்படைக்கும் இடையே மூண்ட துப்பாக்கிச் சண்டையில் இருதரப்பிலும் உயிர்கள் மாண்டன.

1917 கோடையில் எட்டு மணி நேர வேலைநாளும் தூய்மையான படுக்கையும் கேட்டு வேலைநிறுத்தம் பரவியது. உலகப்போர்க்காலம் அது, விமானம் கட்ட சிட்கா ஸ்புரூஸ் மரம் அவசரமாகத் தேவைப்பட்டது. செப்டம்பரில் வாப்ளிகள் முகாமுக்குத் திரும்பினர். ஆனால் வேலைநிறுத்தத்தைக் கைவிடவில்லை. வேலை செய்துகொண்டே வேலையை நிறுத்தும் புதிய உத்தியை மேற்கொண்டனர். எட்டு மணி ஆனதும் கருவியைக் கீழே வைத்தனர். அதுவரையிலும் மெல்ல உழைத்தனர். அரசு படைவீரர்களை மரம் வெட்ட அனுப்பியது. முதலாளிகளையும் தொழிலாளர்களையும் சேர்த்து விசுவாசச் சங்கம் ஒன்றையும் நிறுவியது. முடிவில் 1918 மார்ச் 1 முதல் எட்டு மணி வேலைநாள் நடைமுறைக்கு வந்தது.

மெல்ல உழைக்கும் கூலிக்காரனுக்கு முதலாளிகள் கண்ட மாற்றே ஒப்பந்த முறை. நாட்கூலி இல்லை, வெட்டிய அளவுக்குத் தொகை. கூலிக்காரன் மெல்ல உழைத்தால் நட்டம் முதலாளிக்கு. ஒப்பந்தக்காரன் மெல்ல உழைத்தால் நட்டம் அவனுக்கே. எனவே அவன் விடியுமுன் எழுந்தான், இருட்டிய பின் நிறுத்தினான். அவனுடைய வேகத்தைக் காட்டி அடுத்தமுறை தொகை குறைக்கப்பட்டது. அந்தக் குறைந்த தொகையே பிறருக்கும் அளவுகோலாயிற்று. எட்டு மணி நேரத்துக்காகச் சிறை சென்றவர்களின் கண்ணுக்கு இவன் துரோகியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 'ஜிப்போ' என்ற சொல் அவ்வகையில் பிறந்தது. ஜிப்சி என்ற சொல்லோடு இதனை இணைத்துக் காண்பதே பொதுவழக்கு. அவ்வகையில், உலகெங்கும் அலைக்கழிக்கப்பட்ட ரோமா மக்களை இழிக்கும் சொல்லாகவும் அது அமைந்துவிடுகிறது. ஆதலின் இக்கால எழுத்தாளர் பலர் 'சுயேச்சை மரவெட்டி' என்ற சொல்லையே விரும்புகின்றனர்.

லாரியும் விசைரம்பமும்

நீராவிக் காலத்தில் ஒப்பந்தக்காரன் பெயரளவுக்கே சுயேச்சை. எஞ்சினும் பாதையும் நிறுவனத்தினுடையவை. அந்நிலையை மாற்றியவை 1930களில் பரவிய லாரியும் சங்கிலிப்பட்டை டிராக்டருமாகும். இருப்புப்பாதை எட்டாத மூலைகளும், பெருநிறுவனங்கள் இலாபமில்லையென ஒதுக்கிய துண்டு நிலங்களும் லாரிக்கு எட்டின. பழைய லாரி ஒன்றும், கடனில் வாங்கிய டிராக்டர் ஒன்றும், மைத்துனர் இருவரும் இருந்தால் ஒரு நிறுவனம் உருவாகிவிடும் என்ற நிலை வந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது நாடெங்கும் வீடு கட்டும் வேகம் பெருகியது. போர் எச்சமான லாரிகளும் மண்தள்ளிகளும் மலிவாகக் கிடைத்தன. விசைரம்பம் இருவர் தூக்கும் பாரமாக இருந்த காலம் அது. அதன் சங்கிலியும் அடிக்கடி மழுங்கியது. ஜோசப் காக்ஸ் என்ற ஓரிகன் மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாக மென்று செல்வதை 1946இல் உற்றுநோக்கினார். அதன் தாடையைப் பின்பற்றி அவர் அமைத்த சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் உலகெங்கும் விசைரம்பங்களில் சுழல்வது பெரும்பாலும் அவ்வடிவின் வழித்தோன்றலே. பேராலையை எதிர்த்து நிற்கத் துடித்த சிறு மரவெட்டிக்கு ஒரு புழு ஆசானாயிற்று.

1938ஆம் ஆண்டிலேயே மர உற்பத்தியில் வாசிங்டனை முந்தி நாட்டின் முதலிடத்தைப் பிடித்திருந்த ஓரிகன், போருக்குப் பின் சுயேச்சை மரவெட்டிகளின் தாயகமாயிற்று. கூஸ் பே துறைமுகத்தின் சுற்றுப்புறமும் தெற்கு ஓரிகனின் பள்ளத்தாக்குகளும் சிறு ஆலைகளாலும் சிறு கூப்புகளாலும் நிறைந்தன. 'ஜிப்போ' என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்த தந்தையின் மகன் அதே சொல்லை நெஞ்சு நிமிர்த்திச் சொன்னான். 'எவனிடமும் கைநீட்டிக் கூலி வாங்காதவன்' என்பதே அவன் வாயில் அதன் பொருள்.

அடுக்களை மேசையில் ஒரு கணக்கேடு

அவன் உண்மையிலேயே தனக்குத் தானே எசமானனாக இருந்தானா என்பதைக் கணக்கேடுதான் சொல்லவேண்டும்.

அவனுக்கு மரம் கிடைத்த வழிகள் மூன்று. நிறுவனத்தின் மரத்தை ஒப்பந்தத் தொகைக்கு வெட்டித் தரலாம். விவசாயியின் நிலத்தில் நிற்கும் மரத்தை விலைபேசலாம். அல்லது 1905இல் அமைந்த கூட்டரசு வனத்துறை தேசியக் காடுகளில் நடத்தும் ஏலத்தில் கேட்கலாம். ஏலம் எடுத்தவன் முன்பணம் கட்டவேண்டும், பிணையம் தரவேண்டும், பெரும்பாலும் மலைச்சாலையையும் தானே போடவேண்டும். ஒரு கழி விழுமுன்பே அவன் கடனாளி.

வெட்டிய தடியின் மதிப்பைத் தீர்மானிப்பவன் அவனல்லன், அளவர். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலம் கனம் கொண்ட பலகையே 'பலகையடி' எனும் அலகு. தடியின் சிறிய முனையில், பட்டைக்கு உள்ளே விட்டத்தை அளந்து, 1846இல் ஸ்கிரிப்னர் என்பவர் வகுத்த அட்டவணையைப் பார்த்து, அத்தடியில் எத்தனை பலகையடி தேறும் என்று எழுதுவார் அளவர். அழுகலுக்கும் வெடிப்புக்கும் கழிவு உண்டு. அளவுகோலின் ஓரங்குல ஏறுமாறு ஒரு மாத உழைப்பின் இலாபத்தைக் கரைத்துவிடக்கூடும்.

வானமும் ஒரு பங்காளியாக இருந்தது. குளிர்காலத்தில் பனியும் சேறும் பாதையை மூடின. கோடையில் காற்றின் ஈரம் குறைந்தால் தீ அச்சத்தால் காடு மூடப்படும். ஆகவே இருள் பிரியுமுன் தொடங்கி நண்பகலை ஒட்டி முடிக்கும் 'ஆந்தை முறை' வழக்கில் இருந்தது. அது வீண் அச்சமன்று. 1933 ஆகஸ்ட் 14 அன்று ஓரிகனின் கேல்ஸ் கிரீக் பள்ளத்தாக்கில், ஒரு கூப்பில் இழுபட்ட தடியின் உராய்வில் பிறந்த தீ ஏறத்தாழ 2,40,000 ஏக்கரை எரித்தது. டில்லமூக் காடெரிவு என்று வழங்கும் அத்தீ 1939, 1945, 1951ஆம் ஆண்டுகளிலும் அவ்வட்டாரத்தில் மீண்டும் மூண்டது. கருகி நின்ற மரங்களை மீட்டெடுக்கும் வேலை பின்னர்ச் சிறு மரவெட்டிகள் பலருக்குச் சோறு போட்டது என்பதும் அதே வரலாற்றின் பகுதியே.

இந்தக் கணக்கையெல்லாம் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணவன் மலையில் இருக்க, மனைவி அடுக்களை மேசையில் சம்பளப் பட்டியல் எழுதினார். வங்கி மேலாளரிடம் தவணை கேட்டார். உடைந்த பற்சக்கரத்துக்கு மாற்று வாங்க நகரத்துக்கும் மலைக்கும் வண்டி ஓட்டினார். ஆள் குறைந்த நாளில் தாமே கூப்பில் இறங்கினார். வாசிங்டன் மாநிலத்தில் கணவரோடு இத்தொழில் நடத்திய மார்கரெட் எல்லி ஃபெல்ட் என்பவர் 1963இல் வெளியிட்ட 'ஜிப்போ லாகர்' என்ற தன்வரலாற்று நூல் இதற்குச் சான்று. ஆண்களின் வீரக்கதையாகவே சொல்லப்பட்டுவந்த ஒரு தொழிலுக்குள், பெண்ணின் உழைப்பும் எழுத்தும் எத்துணை ஆழமாகப் புதைந்திருந்தன என்பதை அந்நூல் புலப்படுத்துகிறது. எவனிடமும் கைநீட்டாதவன் என்று கணவன் பெருமை பேசியபோது, அவனுக்காக வங்கியில் கைநீட்டியவர் மனைவி.

சட்டமும் சிலவேளை எதிரணியில் நின்றது. 1944ஆம் ஆண்டின் நிலைத்த விளைச்சல் சட்டம், ஒரு நிறுவனத்தின் காட்டையும் அடுத்துள்ள தேசியக் காட்டையும் ஓரலகாக்கி, ஏலமின்றியே அந்நிறுவனத்துக்கு நீண்டகால வெட்டுரிமை தர இடமளித்தது. 1946இல் வாசிங்டன் மாநிலத்தின் ஷெல்டனில் சிம்சன் நிறுவனத்தோடு 100 ஆண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஏலத்தில் பங்குபெறும் உரிமையே பறிபோவதைக் கண்ட சுயேச்சை மரவெட்டிகளும் சிறு ஆலைக்காரர்களும் கொதித்தெழுந்தனர். அதன்பின் அத்தகைய கூட்டு அலகு வேறொன்றும் உருவாகவில்லை.

கைம்மை தரும் கிளை

இத்தொழிலின் கலைச்சொற்களில் ஒன்று 'விதவையாக்கி'. மரத்தின் உச்சியில் முறிந்தும் விழாமல் தொங்கும் கிளைக்கு அப்பெயர். அடிமரம் அதிரும்போது அது ஓசையின்றி இறங்கும். எஃகு வடம் அறுந்து சுழன்றால் எதிர்ப்பட்ட உடலைத் துண்டிக்கும். சரிவில் உருளும் தடிக்குத் திசை கிடையாது. வீழ்ந்த தடிகளில் சுருக்குவடம் மாட்டும் பணி புதியவர்களுக்கே தரப்பட்டது. அவர்கள் வடத்தை மாட்டிவிட்டு ஓடி விலகவேண்டும். அவர்கள் விலகியதை அறிந்து பொறியாளருக்குச் சீழ்க்கைக் கம்பியை இழுத்துச் செய்தி சொல்லும் சிறுவனின் கவனத்தில் அத்தனை உயிர்களும் தொங்கின.

வாசிங்டன் மாநிலம் 1911இலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியதற்கு மரத்தொழிலின் விபத்துகளும் ஒரு காரணம். ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. அண்மை ஆண்டுகளின் அரசுப் புள்ளிவிவரப்படியும், மரவெட்டிகளின் பணிக்கால இறப்பு விகிதம் நாட்டின் அனைத்துத் தொழிலாளரின் சராசரியைப்போல் 20 மடங்குக்கும் மேற்பட்டதாகவே உள்ளது. சுயேச்சை மரவெட்டிக்கு இதில் ஒரு கூடுதல் துயரம் உண்டு. அவன்கீழ் வேலை செய்தவர்கள் அவனுடைய தம்பியும் மகனும் மைத்துனனுமே. தவணை தவறக்கூடாதென்று காற்றடித்த நாளில் வேலையைத் தொடர்ந்தவன், மாலையில் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டவேண்டி வந்ததோ, அது அவன் வீடாகவும் இருந்தது.

எழுத்தில் நின்றவர்கள்

இவ்வாழ்க்கை இலக்கியத்தில் இடம்பெற்ற முறை கவிஞர்களின் கருத்துக்குரியது. 1964இல் வெளிவந்த கென் கீசியின் 'சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்' என்னும் நாவல் ஓரிகன் கடலோரத்து ஸ்டாம்பர் குடும்பத்தின் கதை. ஊரே வேலைநிறுத்தத்தில் நிற்க, இக்குடும்பம் மட்டும் நிறுவனத்துக்குத் தடி தர ஒப்பந்தம் செய்து தொடர்ந்து வெட்டுகிறது. ஊரின் பார்வையில் அவர்கள் கருங்காலிகள். தம் பார்வையில் அவர்கள் தலைவணங்காதவர்கள். நாவல் எப்பக்கமும் எளிதாகச் சாயவில்லை. குடும்பத்தின் பிடிவாதத்தில் வீரமும் உண்டு. அதன் விலையைச் செலுத்துபவர்கள் தடியின் அடியில் சிக்கி நீரில் மூழ்குபவர்களும் உண்டு. 'ஜிப்போ' என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒரே கூரையின்கீழ் வாழும் படைப்பு எனலாம்.

கவிஞர் கேரி ஸ்னைடர் மற்றொரு பாதையில் வந்தவர். அரசியல் ஐயத்தின் பேரில் வனத்துறை வேலை மறுக்கப்பட்டபின், 1954இல் ஓரிகனின் வார்ம் ஸ்பிரிங்ஸ் வனப்பகுதியில் தடிகளுக்குச் சுருக்குவடம் மாட்டும் பணி செய்தார். 1960இல் வெளியான 'மித்ஸ் அண்ட் டெக்ஸ்ட்ஸ்' என்ற அவரது நெடுங்கவிதையின் முதற்பகுதிக்கு 'மரவெட்டு' என்றே தலைப்பு. காட்டின் அழிவுக்கு வருந்தும் குரலும், அழிக்கும் தொழிலாளியின் கைத்திறனை மதிக்கும் குரலும் அதில் ஒரே குரலாக ஒலிக்கின்றன. வெட்டுபவனை வெறுக்காமல் வெட்டைக் கண்டிக்க இயலும் என்பதற்கு அது சான்று.

ஆந்தையும் ஆலையும்

1980களின் இறுதியில் தேசியக் காடுகளிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 கோடி பலகையடி மரம் வெட்டப்பட்டது. முதுகாடு விரைந்து குறைந்தது. அம்முதுகாட்டில் மட்டுமே நன்கு வாழும் புள்ளி ஆந்தை 1990 ஜூனில் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1991இல் நீதிபதி வில்லியம் டுவையர், ஆந்தையின் வாழிடத்தில் கூட்டரசின் மரவிற்பனைக்குத் தடை விதித்தார். 1993 ஏப்ரல் 2 அன்று குடியரசுத்தலைவர் கிளின்டன் போர்ட்லாந்து நகரில் மாநாடு கூட்டி இருதரப்பையும் கேட்டார். 1994இல் வந்த வடமேற்குக் காட்டுத் திட்டம் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் கூட்டரசு நிலத்துக்குப் புதிய விதிகளை வகுத்தது. 1990களின் இறுதியில் தேசியக் காடுகளின் வெட்டு 400 கோடி பலகையடிக்கும் கீழே இறங்கியது.

மலையூர்களின் சினம் ஆந்தையின்மேல் பாய்ந்தது. 1988 மே மாதத்திலேயே நூற்றுக்கணக்கான மர லாரிகள் அணிவகுத்து மொன்டானாவின் டார்பி என்ற சிற்றூருக்குத் தடிகளைச் சுமந்து சென்றிருந்தன. ஆயின் ஆந்தை ஒன்றே காரணமன்று. 1980களின் தொடக்கத்து மந்தம் பல ஆலைகளை முன்னமே மூடிவிட்டது. புதிய இயந்திரங்கள் ஆட்களைக் குறைத்தன. தனியார் நிலத்துத் தடிகள் அறுக்கப்படாமலே ஜப்பானுக்குக் கப்பலேறின.

இங்கும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. சொந்தக் காடு வைத்திருந்த பெருநிறுவனங்களுக்கு, அரசின் மரம் சந்தைக்கு வராமற்போனதால் தம் மரத்தின் விலை உயர்ந்தது. நிலமில்லாத சுயேச்சை மரவெட்டியோ அரசின் ஏலத்தை நம்பியே டிராக்டருக்குத் தவணை கட்டியவன். ஏலம் நின்றதும் வங்கி வந்தது. ஊர்வலத்தில் இருவரும் ஒரே மஞ்சள் நாடாவைக் கட்டிக்கொண்டனர். இழப்பு மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

இன்றும் ஒப்பந்த மரவெட்டிகள் அம்மலைகளில் உள்ளனர். செங்குத்துச் சரிவில் வடத்தால் கட்டி இறக்கப்படும் அறுவடை இயந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து அவர்களுட் சிலர் வெட்டுகின்றனர். சிலர் நெருங்கி வளர்ந்த இளங்காட்டைக் களைந்து சீராக்கும் பணியை ஏற்றுள்ளனர். கடனும் தவணையும் தொடர்கின்றன.

காம்பும் கையும்

வாப்ளிகளின் குற்றச்சாட்டு பொய்யன்று. ஒப்பந்தக்காரனின் வேகம் கூட்டாளிகளின் கூலியை அறுத்தது. காட்டின் சார்பாகப் பேசியவர்களின் குற்றச்சாட்டும் பொய்யன்று; தவணைக்குப் பயந்தவன் மரத்தின் வயதைப் பார்ப்பதில்லை. அவ்வகையில் அவன் இருமுறை கோடரிக்காம்பானான்.

ஆனால் அவன் நாடியது பொன்னன்று. காலையில் எழுப்பும் சங்கொலிக்குக் கட்டுப்படாத ஒரு வாழ்க்கையையே அவன் நாடினான். முகாம் கொட்டகையின் ஈர வைக்கோலை அறிந்தவனுக்கு அந்த ஆசை எளிதில் பழிக்கத்தக்கதன்று. அந்த ஆசையின் விலையாக, மேற்பார்வையாளனின் இடத்தில் வங்கியையும், கூலியின் இடத்தில் அளவுகோலையும், சங்கொலியின் இடத்தில் வானிலையையும் அவன் பெற்றுக்கொண்டான். அவனைத் தன்னுரிமையுடையவன் என்று புகழ்ந்தவர்கள் அவனுடைய கணக்கேட்டைப் பார்க்கவில்லை. துரோகி என்று இகழ்ந்தவர்களும் பார்க்கவில்லை. அதனைப் பார்த்தவர், அடுக்களை மேசையில் விளக்கடியில் அமர்ந்திருந்த பெண் ஒருவரே.

கோடரிக்காம்பு என்ற நம் வசைச்சொல் காம்பைக் கூண்டில் நிறுத்துகிறது. காம்பைப் பிடித்த கையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.